கண் கொடுத்த கதையும் நம் கடமையும்

(ஆலங்குடாவில் எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழாவிலே பேச வருகின்றவர் பக்தியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வைத்தியசாலைக்கு உரியதுபோலத் தோன்றும். ஒருவர் உடலின் உறுப்பை எடுத்து இன்னொருவர் உடலிலே பொருத்துகின்ற சத்திரசிகிச்சையும், அதற்காகச் செய்யப்படும் உறுப்புத் தானமுமே அப்பொருள். ஆயினும் இது வைத்தியசாலை வாசலோடு நின்றுவிடுவதன்று. நம் வீட்டுத் திண்ணைக்கும், நம் ஊர்ச் சுடலைக்கும், நம் மனச்சாட்சிக்கும் வந்து சேருகின்ற பொருள் இது.

இதனை இன்று பேசுவதற்குக் காரணம் யாதென்பதை மறைக்காமற் சொல்லிவிடுகின்றோம். சில மாதங்களுக்கு முன் எமது சங்க உறுப்பினர் ஒருவரின் தகப்பனார் இறைவனடி சேர்ந்தார். ஊருக்கு நல்லவர். வெங்காயத் தோட்டத்திலே இறைப்புத் தலைக்கு மேலே இருக்கும் நாளிலும் கோயில் வேலை என்றால் முதலாவதாக வந்து நிற்பவர். அந்தியேட்டிக்கு முதல் நாள், காணி உறுதியைத் தேடி அவருடைய பெட்டியைத் திறந்தார்கள். உறுதிகளுக்கு நடுவே ஒரு சிறிய அட்டை இருந்தது. தாம் இறந்த பின் தம் கண்களை எடுத்துப் பார்வையில்லாதவருக்குக் கொடுக்கவேண்டும் என்று அவர் பல ஆண்டுகளுக்கு முன் கையொப்பமிட்ட கண்தானப் பத்திரம் அது. மனைவியிடமும் சொல்லவில்லை, மக்களிடமும் சொல்லவில்லை. அந்தக் கண்களோ ஒரு மாதத்துக்கு முன்னமே நெருப்பிலே நீறாகிவிட்டன. மகன் அந்த அட்டையைக் கையிலே பிடித்துக்கொண்டு சங்க மண்டபத்துக்கு வந்தான். "அப்பாவின் வாக்கை நான் பொய்யாக்கிவிட்டேனா?" என்று கேட்டான்.

அன்று மாலை மண்டபத்தில் இரண்டு கட்சி உண்டாயிற்று. "நடந்தது நன்மைக்கே. கண்ணை எடுத்துவிட்ட உடலுக்குக் கொள்ளி வைப்பது என்ன சடங்கு?" என்றார் ஒரு பெரியவர். இளைஞர் சிலரோ, "இனிமேல் உறுப்பினர் ஒவ்வொருவரும் கண்தானப் பத்திரத்திலே கையொப்பம் இடவேண்டும்; இடாதவருக்குச் சங்கத்தில் இடமில்லை என்று தீர்மானம் நிறைவேற்றுவோம்" என்றார்கள். அந்த மகனின் கேள்விக்கு இரு கட்சியாரும் விடை சொல்லவில்லை. அதற்கு விடை தேடுவதே இந்தப் பேச்சின் நோக்கம்.

முதலில், வைத்தியர்கள் செய்வது யாதென்பதைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். கண்ணின் கருமணிக்கு முன்னே, கண்ணாடி போலத் தெளிந்த மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதன் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். காயத்தினாலோ நோயினாலோ அது வெளுத்து மங்கிவிட்டால், உள்ளே கண் நன்றாயிருந்தாலும் ஒளி புகாது. இறந்தவர் கண்ணிலிருந்து தெளிந்த படலத்தை எடுத்து அவ்விடத்தில் வைத்துத் தைத்தால் பார்வை மீளும். 1905 ஆம் ஆண்டு டிசம்பரில் எடுவார்ட் சிர்ம் என்னும் வைத்தியர் இன்றைய செக் நாட்டிலுள்ள ஓலோமூட்ஸ் நகரில் கண் படல மாற்றத்தை முதன்முதல் வெற்றியாகச் செய்தார். இந்தப் படலத்தில் இரத்தக் குழாய் இல்லை. ஆதலின் பிறர் உடலின் பொருள் என்று நம் உடம்பு இதனை வெறுத்துத் தள்ளுவது குறைவு.

மற்ற உறுப்புக்கள் அவ்வாறல்ல. நம் உடம்பு தன்னுடையதல்லாததை எதிர்த்துப் போராடும் இயல்புடையது. அதனால் 1954 ஆம் ஆண்டு அமெரிக்காவில் பொஸ்டன் நகரிலே ஜோசப் மறே என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் முதன்முதல் வெற்றியாகச் சிறுநீரகம் மாற்றியபோது, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே அச்சில் வார்த்த இரட்டைச் சகோதரர்களாயிருந்தனர். 1967 டிசம்பர் 3 ஆம் தேதி தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் கிறிஸ்ரியான் பார்னாட் ஒருவரின் இருதயத்தை இன்னொருவருக்கு மாற்றினார். பெற்றவர் பதினெட்டு நாளே வாழ்ந்தார். உடம்பின் எதிர்ப்பை அடக்கும் நல்ல மருந்துகள் 1980களிலே வந்த பின்னரே இந்த வைத்தியம் வேரூன்றியது. நம் இலங்கையில் 1985 இல் சிறுநீரக மாற்றம் தொடங்கியது. 2017 இல் கண்டி வைத்தியசாலையில் இருதயமும் மாற்றப்பட்டது. உறுப்பைப் பெற்றவர் அது தம் உடலில் இயங்கும் நாளெல்லாம் மருந்து உண்ணவேண்டும் என்பதையும் இங்கே மறக்கலாகாது.

கண்தானத்தைப் பொறுத்தவரையில் உலகம் நம் நாட்டைப் பார்த்து வியக்கின்றது. 1958 ஆம் ஆண்டில் மருத்துவ மாணவராயிருந்த ஹட்சன் சில்வா என்பவர், இறந்தபின் கண்களைத் தாருங்கள் என்று மக்களை வேண்டிப் பத்திரிகையிலே ஒரு கட்டுரை எழுதினார். கிடைத்த கண்களைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலே வைத்துப் பாதுகாத்தார். துணைநின்றவர்கள் அவர் தாயாரும் மனைவியாருமே. 1960 இல் அந்தத் தாயார் காலமானபோது, அவருடைய கண்களை எடுத்து ஏழை விவசாயி ஒருவருக்குக் கொடுத்தார் மகன். ஊருக்குச் சொன்னதைத் தம் வீட்டிலே முதலிற் செய்த பெருமை அது. 1961 இல் இலங்கைக் கண்தானச் சங்கம் பிறந்தது. 1964 இல் பனிக்கட்டி இட்ட சுடுநீர்ப் போத்தல் ஒன்றிலே வைத்து முதன்முதல் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. அதன் பின்னர் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் பல்லாயிரக்கணக்கில் இந்நாட்டவர் கண்கள் சென்றிருக்கின்றன. மிகுதியாகப் பெற்ற நாடுகளுள் பாக்கிஸ்தானும் ஒன்று. இலங்கையிலே பன்சலைக்குப் போன ஒரு கிழவியின் கண்ணால் கராச்சியிலே ஒருவர் குர்ஆன் ஓதுகின்றார் என்றால், சமயச் சண்டை போடுகின்றவர்கள் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

பௌத்த மக்கள் இத்தருமத்திலே முன்னின்றதற்கு ஒரு காரணம் சிவி ஜாதகக் கதை. குருடனாகிய பிராமணன் வடிவில் வந்த சக்கரனுக்குத் தன் இரு கண்களையும் கொடுத்த அரசனின் கதை அது. அந்தச் சிவி யார்? புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசிலே வைத்த நம் சிபிச் சக்கரவர்த்தியின் பெயரும் அதுவே அன்றோ! சோழருக்குச் செம்பியன் என்ற பெயர் அவன் வழியினர் என்பதனால் வந்தது என்று தமிழர் சொல்லிக்கொண்டனர். ஒரே பெயர் இரு சமயத்திலும் தன்னுடலைத் தந்தவன் பெயராக நிற்கின்றது. அவர்கள் அந்தக் கதையைக் கேட்டுக் கண் கொடுத்தார்கள். நாம் கதையைக் கேட்டுக் கண்ணீர் மாத்திரம் விட்டோம்.

இனிப் பெரியோர்களின் ஐயத்துக்கு வருவோம். ஐயம் கொள்வது குற்றமன்று. இறந்தவர் உடலை மதிப்போடு அனுப்பவேண்டும் என்ற அன்பிலிருந்து பிறப்பதுதான் அந்த ஐயம். "குறையுள்ள உடலோடு போனால் ஆன்மாவுக்குக் குறை வராதா? மறுபிறவியிலே குருடாய்ப் பிறக்கமாட்டாரா?" என்று கேட்கின்றார்கள்.

நம் சாத்திரம் கூறுவதென்ன? உயிர் தூல உடலை விட்டு நீங்கும்போது அதனுடன் செல்வது சூக்கும உடல். ஐந்து தன்மாத்திரைகளும் மனம், புத்தி, அகங்காரமும் சேர்ந்த அதனைப் புரியட்டகம் என்பர் சித்தாந்திகள். சதையும் எலும்பும் கண்ணும் காதும் இங்கேயே நின்றுவிடுகின்றன. அவற்றை நாம்தாம் நெருப்புக்குக் கொடுக்கின்றோம். நெருப்பிலே இட்ட கண் மறுபிறவிக்குப் போகாதென்றால், ஒரு மனிதனுக்கு இட்ட கண் மாத்திரம் மறுபிறவியிலே எவ்வாறு குறைவாகும்? மறுபிறவியைத் தீர்மானிப்பது உடலின் எண்ணிக்கையன்று, வினையின் கணக்கே. பார்வை கொடுத்தவனுக்கு அந்தக் கணக்கிலே குருட்டுத்தன்மை எழுதப்படும் என்று கருதுவது இறைவனின் நீதியையே ஐயுறுவதாகும்.

சடங்கைப் பற்றிய கவலைக்கும் விடை உண்டு. கண்ணை எடுத்தபின் முகம் விகாரமாவதில்லை. இமைகளை மூடி இயல்பாகவே வைத்துவிடுவர். இறந்தபின் நான்கு முதல் ஆறு மணி நேரத்துள் எடுத்துவிடவேண்டும். எடுக்கும் வேலையும் விரைவிலே முடியும். நீராட்டுவதற்கும், வாய்க்கரிசி போடுவதற்கும், கொள்ளி வைப்பதற்கும் எதுவும் தடையாகாது.

நம் அயலவரின் சமயங்களும் இதைப்பற்றி ஆழ்ந்து சிந்தித்திருக்கின்றன. 1988 இல் ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்லாமியச் சட்ட அறிஞர் சபை, நிபந்தனைகளுடன் உறுப்பு மாற்றத்தை அனுமதித்து, விற்பனையை விலக்கியது. 2000 ஆம் ஆண்டு ரோமாபுரியிலே கூடிய உறுப்புமாற்ற வைத்தியர் மகாநாட்டில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இக்கொடையை அன்பின் செயலெனப் போற்றி, வாணிகத்தைக் கண்டித்தார். பள்ளிவாசலும் தேவாலயமும் கோயிலும் அருகருகே நிற்கும் இந்தக் கற்பிட்டிக் கரையில், மூன்று சமயத்தாரும் ஒரே சொல்லைச் சொல்கின்றார்கள்: கொடுக்கலாம், விற்கலாகாது.

கொடுப்பதற்கும் நெறி உண்டு. அந்த நெறியை வேறெங்கும் தேடவேண்டியதில்லை. நாம் சிறு வயதிலே கேட்ட மூன்று கதைகளை மறுபடியும் எண்ணிப் பார்த்தாற் போதும்.

முதலாவது, ததீசி முனிவர் கதை. விருத்திராசுரனை வெல்ல வச்சிராயுதம் வேண்டும்; அதற்கு முனிவரின் முதுகெலும்பு வேண்டும் என்று தேவர்கள் வந்து கேட்டார்கள். கேட்டது குற்றமன்று. ஆனால் தேவர்களாயிருந்தும் அவர்கள் முனிவரைக் கொன்று எலும்பை எடுக்கவில்லை. அவர் மனமுவந்து இசைந்தார். யோகத்தினாலே தாமே உயிரை விட்டார். உயிர் நீங்கிய பின்னரே எலும்பு எடுக்கப்பட்டது. இன்றைய வைத்திய நெறியின் முதல் விதியும் இதுவே. உயிருக்கு இன்றியமையாத உறுப்பை எடுப்பதற்காக ஒருவரைச் சாகவிடலாகாது. மரணம் முன்னே, எடுப்பது பின்னே.

இரண்டாவது, சிபி கதை. புறாவின் எடைக்கு எடை தசை வேண்டும் என்றது பருந்து. சிபி மன்னன், அவன் கண்ணசைத்தால் ஆயிரம் ஏவலர் வந்து நிற்பர். அவர்களில் ஒருவனுக்குப் பொன் கொடுத்து அவன் தொடையை அரிந்து தராசில் இட்டிருக்கலாம். இட்டானா? தன் தசையையே இட்டான். ஏழையின் உடலைச் செல்வன் விலைகொடுத்து வாங்குவது தருமமன்று என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுமோ?

மூன்றாவது, காளத்தியிலே நடந்தது. பெரியபுராணத்திலே சேக்கிழார் பெருமான் பாடியது. இறைவன் திருமேனியின் வலக்கண்ணிலே இரத்தம் பெருகக் கண்ட திண்ணனார் பச்சிலை தேடினார், மருந்து தேடினார். ஒன்றும் பலிக்கவில்லை. உடலின் குறையை உடலே தீர்க்கும் என்ற முதுமொழி நினைவுக்கு வந்தது. தம் கண்ணை அம்பினால் அகழ்ந்து அப்பினார், இரத்தம் நின்றது. பின் இடக்கண்ணிலும் இரத்தம் பெருகியது. மறு கண்ணையும் எடுத்துவிட்டால் இடம் தெரியாதே என்று தம் காலை அடையாளமாக ஊன்றிக்கொண்டு அம்பை எடுத்தார். அப்போது இறைவன் என்ன செய்தார்? கையை நீட்டித் தடுத்தார். ஒரு கண்ணை ஏற்றுக்கொண்ட கடவுள் இரண்டாவதை ஏற்கவில்லை. உயிரோடிருக்கும் அன்பனை முற்றுங் குருடனாக்கித் தாம் பார்வை பெறக் கடவுளும் உடன்படவில்லை என்பதே இதன் பொருள். கொடுப்பவன் அம்பை எடுக்கும்போது, பெறுகின்றவனின் கை தடுக்க நீளவேண்டும். இதனை நம் குடும்பங்கள் நினைவில் வைக்கவேண்டும்.

ஏனெனில், உயிரோடிருப்பவர் சிறுநீரகம் கொடுக்கின்றபோது, தாயே கொடுக்கின்றாள், மனைவியே கொடுக்கின்றாள்; பல நாடுகளிலும் கணக்கெடுத்தால் பெண்களே மிகுதி. ஒரு சிறுநீரகத்தோடு நலமாக வாழலாம் என்பது உண்மைதான். ஆயினும் சத்திரசிகிச்சையிலே ஆபத்து அறவே இல்லையென்று சொல்லமுடியாது. பதினாயிரம் பேரில் மூவர் அளவில் உயிரிழக்கின்றனர் என்று அமெரிக்காவில் எடுத்த கணக்குக் கூறுகின்றது. "நீதானே தாய், நீ கொடுக்காமல் யார் கொடுப்பார்?" என்று ஊர் கூடி ஒருத்தியை நெருக்கினால், அவள் கொடுப்பது கொடையன்று, வரி. அவளைத் தனியே இருத்தி, "உனக்கு மனமில்லையென்றால் இல்லையென்று சொல், உன்னை யாரும் குறை சொல்லோம்" என்று சொல்லக்கூடிய ஒருவர் குடும்பத்தில் இருக்கவேண்டும்.

இனி, சொல்லக் கூசுகின்ற ஒன்றையும் சொல்லவேண்டும். சென்ற ஆண்டு நமது அயலூரைச் சேர்ந்த இளம் மீனவன் ஒருவனுக்கு இரு சிறுநீரகமும் பழுதாயின. தாயாருக்கு நீரிழிவு, சகோதரனுடையது பொருந்தவில்லை. அப்போது ஒருவர் வந்து, இவ்வளவு பணம் சேர்த்தால் ஒரு சிறுநீரகம் "ஒழுங்கு பண்ணித் தரலாம்" என்றார். நாமும் பின்விளைவை எண்ணாமல், இரக்க மிகுதியால், உண்டியலைத் தூக்கிக்கொண்டு மூன்று இரவு வீடு வீடாகச் சென்றோம். மூன்றாம் இரவு ஒரு பெரியவர் காசைக் கையிலே வைத்துக்கொண்டு, "தம்பிமாரே, இது யாருடைய சிறுநீரகம்?" என்று கேட்டார். எம்மில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. மறுநாள் வந்தவரிடம் கேட்டோம். "அது உங்களுக்கு எதற்கு?" என்றார். அந்த விடையே போதுமானதாயிற்று.

யாருடையது என்பது உலகத்துக்குத் தெரியாததன்று. சென்னையிலே வில்லிவாக்கம் என்ற பகுதிக்குக் "கிட்னி வாக்கம்" என்று பெயர் வைக்கும் அளவுக்கு ஒரு காலத்தில் அங்குள்ள ஏழைகள் விற்றார்கள். 2004 ஆம் ஆண்டுச் சுனாமியிலே வீடும் வள்ளமும் இழந்து, வடசென்னையில் எர்ணாவூரிலே குடியேற்றப்பட்ட மீனவப் பெண்கள் பலர் வறுமையினால் சிறுநீரகத்தை விற்றது 2007 இல் வெளிவந்தது. கடலை நம்பி வாழும் நமக்கு அந்தப் பெண்கள் அந்நியரா? இந்தியாவிலே 1994 இல் சட்டம் விற்பனையைத் தடுத்த பின்னும், 2025 இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளரைப் பற்றி அதே குற்றச்சாட்டு எழுந்தது. நம் நாட்டிலும் 1987 ஆம் ஆண்டு 48 ஆம் இலக்கச் சட்டம் உறுப்பு விற்பனையை விலக்கியிருக்கின்றது. அப்படியிருந்தும், இந்தியரைக் கொண்டுவந்து இங்கே சிறுநீரக வாணிகம் நடக்கின்றது என்ற குற்றச்சாட்டினால், 2016 இல் பிறநாட்டவருக்கான சிறுநீரக மாற்றத்தை அரசாங்கம் நிறுத்திவைக்க நேர்ந்தது. கடனை அடைக்க விற்றவர் பலர் மீண்டும் கடனிலேயே நின்றார்கள். இடையிலே நின்ற தரகன் மாத்திரம் தழைத்தான்.

நாம் சேர்த்த பணத்தை அந்த வழியிலே செலவிடுவதில்லை என்று முடிவு செய்து, மருந்துக்கும் போக்குவரத்துக்கும் கொடுத்தோம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த இளைஞன் இன்றும் கிழமைக்கு இருமுறை இரத்தம் சுத்திகரிக்க வைத்தியசாலைக்குப் போய் வருகின்றான். கடலுக்குப் போவதில்லை. அவன் தாயார் எம்மைக் கண்டால் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. அவர்மேல் குற்றமில்லை. "பாவம் என்று சொல்லி வாங்கவும் விடாமல், கொடுக்கவும் இல்லாமல் நின்றீர்களே" என்று அவர் நினைத்தால் அதற்கு எம்மிடம் மறுமொழி என்ன?

இங்கேதான் இந்தப் பேச்சின் சாரம் இருக்கின்றது. விலைக்கு வாங்குவது அதருமம் என்று சொல்லுகின்றவர், கொடையை வளர்க்கக் கடமைப்பட்டவர். கொடை இல்லாத ஊரிலே தரகன்தான் கடை விரிப்பான். நமக்குக் கிழக்கே அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில் 1990கள் முதல் காரணம் தெளிவுபடாத சிறுநீரக நோய் விவசாயிகளை வாட்டி வருகின்றது. 2021 இல் பொலன்னறுவையில் சிறுநீரக நோய்க்கென்றே பெரிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. கட்டிடமும் கருவியும் வைத்தியரும் வந்தாலும், மாற்றுவதற்கு உறுப்பு மனிதனிடமிருந்துதானே வரவேண்டும்? உயிரோடிருக்கும் தாயையும் ஏழையையும் நெருக்காமல் அது கிடைக்கும் வழி ஒன்றே. இறந்தபின் கொடுப்பது அந்த வழி.

அவ்வாறு கொடுக்கும்போது இன்னொரு கடினமான கேள்வி வரும். கண்ணை இருதயம் நின்றபின் எடுக்கலாம். சிறுநீரகம், ஈரல், இருதயம் முதலியவற்றைப் பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்தே எடுக்கின்றனர். மூளை முற்றாக இறந்துவிட்டது, இயந்திரம் மூச்சுக் கொடுப்பதனால் இருதயம் துடிக்கின்றது, உடம்பு சூடாயிருக்கின்றது. பெற்ற தாய்க்கு அது உறக்கம்போலவே தோன்றும். "இன்னும் துடிக்கின்றதே!" என்று அவள் கதறினால் அதை அறியாமை என்று ஏளனம் செய்யாதீர்கள். நினைவிழந்து கிடப்பது வேறு, மூளைச்சாவு வேறு. நினைவிழந்தவர் மீளக்கூடும், மூளைச்சாவு அடைந்தவர் மீளார். கண்மணி ஒளிக்கு அசைகின்றதா, தொண்டையைத் தீண்டினால் இருமல் வருகின்றதா, இயந்திரத்தை விலக்கினால் தாமாக மூச்சு எடுக்கின்றாரா என்று ஒருமுறைக்கு இருமுறை சோதிப்பர். சோதிக்கும் வைத்தியர், உறுப்பை மாற்றும் கூட்டத்தைச் சேராதவராயிருக்கவேண்டும் என்பது நெறி. இவற்றையெல்லாம் கேட்டுத் தெளிய உறவினருக்கு உரிமை உண்டு. தெளியும்வரை இசைவு கொடுக்காமலிருக்கவும் உரிமை உண்டு.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டிலே திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற பதினைந்து வயது மாணவன் விபத்திலே மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் இருவரும் வைத்தியர்கள். அந்தத் துயரத்திலும் மகனின் உறுப்புக்களைக் கொடுக்க இசைந்தனர். சென்னை வீதிகளிலே பொலிசார் வழி ஒதுக்கிக் கொடுக்க, பதினொரு நிமிடத்திலே அவன் இருதயம் மற்றொரு வைத்தியசாலையை அடைந்து ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அந்தச் செய்தி தமிழ்நாட்டையே விழிக்கச் செய்தது. 2023 செப்டம்பரில், உறுப்புத் தானம் செய்தவரின் இறுதிக் கிரியைக்கு அரச மரியாதை வழங்கப்படும் என்று தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. ஒரு தாய் தகப்பனின் மனவுறுதி ஒரு நாட்டின் வழக்கத்தை மாற்றியது.

இளைஞர்களே, இப்பொழுது உங்களுக்கு ஒரு சொல். கையொப்பமிடாதவருக்குச் சங்கத்தில் இடமில்லை என்ற தீர்மானத்தைக் கைவிடுங்கள். அவ்வாறு வாங்கிய கையொப்பம், தரகன் பணத்தைக் காட்டி வாங்கிய இசைவுக்கு உடன்பிறப்பு. அவன் பசியைக் காட்டி வாங்குகின்றான். நீங்கள் வெட்கத்தைக் காட்டி வாங்குவீர்கள். ததீசியைக் கேட்ட தேவர்கள் இல்லையென்ற விடைக்கும் ஆயத்தமாகத்தான் வந்திருப்பர். செத்த வீட்டு வாசலில் நின்று தருமோபதேசம் செய்யாதீர்கள். கொடுக்காத குடும்பத்தைப் பற்றிப் பின்னாலே பேசாதீர்கள். கொடுத்த குடும்பத்தைப் பறைசாற்றிக்கொண்டும் திரியாதீர்கள்.

செய்யத்தக்கது மிக எளிது. கையொப்பமிட விரும்புகின்றவர் முதலில் வீட்டிலே சொல்லுங்கள். இராச் சாப்பாட்டு நேரத்திலே, எல்லோரும் இருக்கும்போது, பதறாமல் சொல்லுங்கள். பத்திரத்தைக் காணி உறுதியோடு பெட்டியிலே பூட்டிவைக்காதீர்கள். கண்தானச் சங்கத்தின் தொலைபேசி இலக்கம் சுவரிலே, நாட்காட்டிக்குப் பக்கத்தில், யாரும் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும். புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 130 கிலோமீற்றர். நம் ஊர் அதற்கும் அப்பால். மரணம் நேர்ந்த உடனே அறிவித்தாலன்றி நேரம் போதாது. அதுவரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்தி வையுங்கள். மூக்குக்கண்ணாடி அணிந்தவரும், வெண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்தவரும், நீரிழிவு உடையவரும் கண் கொடுக்கலாம். பொருந்துமா என்பதை வைத்தியர் பார்த்துக்கொள்வர்.

பெரியோர்களே, உங்களிடம் நாம் கையொப்பம் கேட்கவில்லை. ஒன்றே கேட்கின்றோம். உங்கள் விருப்பம் எதுவாயினும் அதை மக்களிடம் வாய்திறந்து சொல்லிவிடுங்கள். கொடு என்றாலும் சொல்லுங்கள், கொடாதே என்றாலும் சொல்லுங்கள். உங்கள் மரணத்தைப் பற்றி உங்களிடம் கேட்க மக்களுக்கு நாக்கு எழாது. நீங்கள்தாம் தொடங்கவேண்டும். "யாருடைய சிறுநீரகம்?" என்று அன்று கேட்டவரும் உங்களில் ஒருவர்தானே. எங்கள் வேகத்தை விட உங்கள் ஒரு கேள்வி அன்று ஊரைக் காத்தது.

இனி, அட்டையைக் கையிலேந்தி வந்த அந்த மகனுக்கு விடை சொல்வோம். தம்பி, உன் தகப்பனாரின் வாக்கை நீ பொய்யாக்கவில்லை. தெரியாத வாக்கை மகன் எவ்வாறு காப்பான்? தருமம் அவர் நெஞ்சிலே பிறந்துவிட்டது. அந்தப் புண்ணியம் அவருக்கு உண்டு. கைமாறாமற் போனது ஒன்று மாத்திரமே. அந்தக் கண்ணைப் பெறவேண்டியிருந்தவருக்கு அது கிடைக்கவில்லை. அந்தக் குறை உன் ஒருவனுடையதன்று. இதைப்பற்றி வாய் திறவாமல் இருந்த இந்த ஊர் முழுவதற்கும், எமது சங்கத்துக்கும் உரியது. அதனாலேயே இன்று இதனை வெளியே பேசினோம்.

சென்ற கிழமை அவன் தன் தாயாரோடு சங்கத்துக்கு வந்தான். தாயார்தாம் பேசினார். "அவருடைய அட்டை வீணாய்ப் போயிற்று. எனக்கு ஒன்று தாருங்கள். நான் இவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்" என்றார். அந்த அம்மையார் இந்தச் சபையிலேதான் இருக்கின்றார். அவர் நீண்ட காலம் நலமாக வாழவேண்டும் என்று எல்லாம் வல்ல இறைவனை வேண்டி, எமது உரையை முடித்துக்கொள்ளுகின்றோம்.